வாடைக் காற்றில் ஒரு ஜோடிப் போட்டி

விவாகரத்து ஏப்ரலில் முடிந்துபோனது. ஜோடிகள் மீன்பிடிப் போட்டிக்குப் பெயர் கொடுத்ததோ அதற்கு முந்தைய குளிர்காலத்தில். வீடு கொரீனுக்கு, படகு ராய்ஸுக்கு, பழைய பிக்கப் வண்டி கொரீனுக்கு, புதியது ராய்ஸுக்கு என்று நீதிமன்றத்தில் எல்லாவற்றையும் பிரித்தாயிற்று. இந்தப் போட்டியை மட்டும் பிரிக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஜூலை பிறந்ததும் கொரீனுக்கு உறுத்தல் தாங்கவில்லை. போட்டி நடத்தும் எல்வினுக்குப் போன் போட்டாள்.

"எல்வின், புருஷன் பொண்டாட்டிதான கலந்துக்கலாம்?"

"ஆமா. அதான ஜோடிப் போட்டி."

"அப்ப நாங்க?"

எல்வின் தொண்டையைச் செருமினான். "பேரு குடுக்கும்போது கட்டினவங்களா இருக்கணும்னுதான் விதி. அதுக்கப்புறம் நீங்க அடிச்சுக்கிட்டீங்களா கட்டிக்கிட்டீங்களான்னு நான் எங்க பாத்துட்டு இருக்கிறது? ராய்ஸ் விலகல. நீ விலகுறியா?"

'ஆமாம், விலகுறேன்' என்று சொல்லத்தான் கொரீன் வாயைத் திறந்தாள். "யோசிச்சுச் சொல்றேன்" என்றுதான் வந்தது. யோசிக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. ராய்ஸே விலகிவிடுவான் என்று இருந்துவிட்டாள்.

ஸ்வாலி ஊரில் அவர்கள் இருவரையும் தெரியாதவர் கிடையாது. கொரீன் செபுல்வாடோ பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள். ராய்ஸ் வளைகுடாக் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை பார்க்கிறவன். இரண்டு வாரம் கடல், இரண்டு வாரம் வீடு. டொலீடோ பெண்ட் ஏரியில் அந்த இருவரும் ஒரே படகில் நின்றால் மற்ற ஜோடிகள் இரண்டாம் பரிசுக்குத்தான் போட்டி போடவேண்டும் என்று ஒரு பேச்சு உண்டு. படகில் அவர்கள் பேசிக்கொள்வார்கள். காற்று, ஆழம், தண்ணீரின் நிறம், எந்த இரை, எவ்வளவு மெதுவாக. கரை ஏறினால் போச்சு. வீட்டில் ராய்ஸின் வாயிலிருந்து ஒரு சொல் வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. மகள் ஹூஸ்டனுக்கு வேலைக்குப் போனபிறகு அந்த வீட்டில் குளிர்பெட்டியின் உறுமல்தான் பேச்சு. கொரீன் ஒருநாள் வக்கீலைப் பார்த்தாள். கையெழுத்துப் போடுகிற அன்றாவது அவன் ஏதாவது கேட்பான், கத்துவான், அழுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கையெழுத்துப் போட்டான், பேனாவைத் திருப்பிக் கொடுத்தான். "வெளிய மழை வருது. பாத்து ஓட்டு" என்றான். அவ்வளவுதான்.

போட்டி நாள் விடியற்காலையில் கொரீன் படகுத்துறைக்குப் போனது, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் வண்டியின் பின்னால் தூண்டில் கம்புகள் எல்லாமே இருந்தன.

ராய்ஸ் படகைத் தண்ணீரில் இறக்கிக் கட்டிவைத்திருந்தான்.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன்."

"ஏறு."

பக்கத்துப் படகில் மிஸ்டர் ஹாலிஸ் மெஷெலும் அவர் மனைவி ஜூவலும். கல்யாணமானாலும் ஊர் வாயில் அவள் மிஸ் ஜூவல்தான். எழுபதைத் தாண்டிய ஜோடி. ஒவ்வொரு வருஷமும் கடைசியில் வருவார்கள், ஒவ்வொரு வருஷமும் முதலில் வந்தவர்களைவிட அதிகமாகச் சிரிப்பார்கள். மிஸ்டர் ஹாலிஸ் இவர்களைப் பார்த்ததும் உரக்கக் கேட்டார்.

"எல்வின்! இவங்க ஜெயிச்சா கோப்பைய ரெண்டா அறுத்துக் குடுப்பியா?"

"வாய மூடுங்க" என்று மிஸ் ஜூவல் அவர் முதுகில் ஒன்று வைத்தாள். "கொரீன் கண்ணு, இவரு பேச்ச காதுல வாங்காத. பல்லு போனாலும் நாக்கு மட்டும் இருக்கு."

கொரீனுக்கு முகம் சுட்டது. ராய்ஸோ, அவள் வாழ்நாளில் கண்டிராத ஒன்றைச் செய்தான். பதில் சொன்னான்.

"அறுக்க வேணாம் மிஸ்டர் ஹாலிஸ். ரெண்டு வாரம் அவ வீட்ல, ரெண்டு வாரம் கடல்ல இருக்கட்டும்."

துறை முழுக்கச் சிரித்தது. கொரீன் அவனைத் திரும்பிப் பார்த்தாள். இவன் யார்?

படகு கிளம்பியபோதுதான் காற்றைக் கவனித்தாள். ஜூலையில் அந்த ஏரியில் காற்று அடித்தால் தெற்கிலிருந்து அடிக்கும். ஈரத் துணியால் முகத்தைத் துடைத்தாற்போல இருக்கும். இன்று வடக்கிலிருந்து வந்தது. காய்ந்த காற்று. கழுத்தில் சில்லென்று பட்டது.

"ஜூலைல வாடையா?" என்றாள்.

"ராத்திரி திரும்பிருக்கு. எனக்கும் புடிபடல" என்றான் ராய்ஸ். "எங்க போகணும்? நான் மேடையிலேர்ந்து முந்தாநாள்தான் வந்தேன். ஏரியப் பாக்கவே இல்ல. நீதான் சொல்லணும்."

ஜூன் முழுக்கக் கொரீன் தன் சித்தப்பா மகனின் சின்ன அலுமினியப் படகில் ஏரியைச் சுற்றியிருந்தாள். பஸ் ஓட்டாத மாதங்களில் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பழைய ரயில் கரைதான் இடம் என்று கண்டுவைத்திருந்தாள். ஏரி வருவதற்கு முன் மரம் ஏற்றிய ரயில் போன மண்மேடு அது. இப்போது தண்ணீருக்கு அடியில், ஓடை வளையும் இடத்தில், முதலை முதுகு மாதிரி நீண்டு கிடந்தது. கோடையில் மேல்தண்ணீர் கொதிக்கும், அடித்தண்ணீரில் மூச்சு இருக்காது. நடுவில் உள்ள அந்தப் பட்டைத் தண்ணீர் எந்த மேட்டைத் தொடுகிறதோ அங்கேதான் பாஸ் மீன் கூடும். அணையில் மின்சாரத்துக்காகத் தண்ணீர் திறந்தால் ஏரியே ஆறு மாதிரி மெதுவாக நகரும், பொடிமீன்கள் அந்த மேட்டின்மேல் அடித்துவரப்படும், பாஸ்களுக்குப் பந்திதான். இந்தப் புதன்கிழமைகூட அவள் கண்ணாலேயே பார்த்தாள். போட்ட தூண்டிலுக்கெல்லாம் மீன்.

"ரயில் கரை" என்றாள். "நேரா போ. அஞ்சு மீனையும் அங்கயே முடிச்சிரலாம்." ஒரு ஜோடி அதிகபட்சம் ஐந்து மீனைத்தான் எடைக்கு வைக்கலாம்.

போனார்கள். தண்ணீருக்கு அடியில் இருப்பதைக் காட்டும் கருவித் திரையில் மேடு தெரிந்தது. மேட்டின்மேல் மீன் இல்லை. மேட்டுக்குப் பக்கத்திலும் இல்லை. கொரீன் கனமான ஈயத்தோடு ரப்பர் புழுவைப் போட்டாள், இழுத்தாள். ராய்ஸ் ஆழத்தில் முங்கிப்போகும் மரமீனை, மரத்தில் செய்த பொய் இரையை, போட்டு உருட்டினான். ஒன்றும் தொடவில்லை.

"புதன்கிழமை இருந்துச்சு" என்றாள்.

"நான் இல்லைன்னு சொல்லலையே."

"சொல்லல. பாக்குற."

"கண்ணு இருந்தா பாக்கத்தான செய்யும்?"

அவள் தண்ணீரைப் பார்த்தாள். சனிக்கிழமை அணையில் வேலை இருக்காது; தண்ணீர் நிற்கவேண்டும். ஆனால் அவள் போட்ட தூண்டில் நரம்பு பக்கவாட்டில் வளைந்து போய்க்கொண்டிருந்தது. ஓட்டம் இருந்தது. அதுவும் தெற்கே போகவேண்டியது கிழக்கே போனது. காற்று தள்ளுகிறதா, அணை இழுக்கிறதா, அல்லது இரண்டும் ஒன்றையொன்று மறிக்கிறதா?

"கரையோரப் பாசிக்குப் போயிருக்கும்" என்றாள். "குளுந்த காத்து. மேல வந்திருக்கும்."

"இல்ல, இன்னும் ஆழத்துக்கு எறங்கிருக்கும்."

"எப்பிடிச் சொல்ற?"

"சும்மாதான் சொன்னேன். நீ பாசின்னு சொன்னியே, அதுக்கு எதிரா ஒண்ணு சொல்லணும்ல?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததற்காகவே கோபமும் வந்தது.

பாசிக்குப் போனார்கள். கரையோரத்தில் சாம்பல் நாரைகள் வரிசையாக நின்று எதையோ கொத்தின. இரை இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் பாசியின் ஓட்டைகளில் தவளை பொம்மையை இழுத்தபோது விரல்நீளக் குஞ்சுகள்தான் துள்ளின. ஆழத்துக்குப் போனார்கள். அங்கே திரை முழுக்க மீன், அந்தரத்தில் தொங்கிக்கொண்டு, எதைப் போட்டாலும் திரும்பிப் பார்க்காமல். ஒரு சின்னப் பாஸ் மட்டும் கொரீனின் புழுவை ஏதோ கடமைக்குக் கவ்வியதுபோல வந்தது. சட்ட அளவைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. படகின் பின்பக்கத்து மீன் தொட்டியில் போட்டாள்.

இதற்கெல்லாம் நடுவில் ராய்ஸ் பேசிக்கொண்டே இருந்தான்.

மேடையில் சமையல் செய்கிற ஆளைப் பற்றி: அவன் ஹொண்டுராஸ்காரன், எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரையும் எழவிடமாட்டான். ஒருநாள் மேடையில் வந்து இறங்கிய சின்ன மஞ்சள் பறவையைப் பற்றி: கடலைக் கடந்து வந்த களைப்பில் அவன் பூட்ஸின்மேலேயே உட்கார்ந்து தூங்கிவிட்டதாம், அவன் காலை அசைக்காமல் நின்றானாம், மேலாள் திட்டினானாம். மகள் ஹூஸ்டனில் புது நாய் வாங்கியதைப் பற்றி. அவனுக்கு மகள் போன் செய்கிறாளா? எப்போதிலிருந்து?

கொரீனுக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்திரண்டு வருஷம் இந்த மனிதன் பேசவேண்டும் என்று ஏங்கியிருக்கிறாள். இப்போது பேசுகிறான், அவளுக்கு அது காதில் விழ விழ நெஞ்சு எரிந்தது. இவனுக்குள் இவ்வளவும் இருந்ததா? இருந்துமா தரவில்லை? இல்லை, வேறு எவளாவது பேசக் கற்றுக்கொடுத்தாளா?

கடைசியில் கேட்டேவிட்டாள். "யாரு அவ?"

"எவ?"

"ஒன்ன பேச வச்சவ."

ராய்ஸ் நரம்பைச் சுற்றிக்கொண்டே யோசித்தான். "அவ இல்ல, அவன். சமையல்காரன் ஒஸ்மான்தான். சாப்புடுற எடத்துல ஒவ்வொருத்தனும் ஒரு விஷயம் சொல்லணும்ங்குறான். சொல்லாட்டி ரெண்டாவது தடவ சோறு கெடையாது."

"சோத்துக்காகப் பேசுனியா?"

"மொதல்ல சோத்துக்காக."

"நான் இத்தன வருஷம் சோறு போடலையா?"

"நீ பேசாட்டியும் போட்டியே" என்றான் அவன், கொஞ்சமும் கிண்டல் இல்லாமல்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்பை வீசினாள்.

வெயில் ஏறியது. வாடை திடீரென்று நின்றது. ஏரி எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. ராய்ஸ் பெட்டியைத் திறந்து, சோளமாவைச் சோளமடலில் சுற்றி அவித்த தமாலேக்களை எடுத்து நீட்டினான். காரமான பன்றிக்கறி வைத்தது, அவள் எப்போதும் வாங்குகிற கடையினுடையது. அவளுக்குப் பசிதான். ஆனாலும் வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்று ஒரு தடுமாற்றம். வாங்கினால் அதற்கு ஏதாவது அர்த்தம் ஆகிவிடுமோ? பிறகு வாங்கிச் சாப்பிட்டாள். விரலெல்லாம் சிவந்த எண்ணெய்.

அடுத்து எங்கே போவதென்று இருவருக்கும் தெரியவில்லை. படகு தானாக மிதந்து, ஒன்றுக்கும் உதவாத ஒரு மட்டத்தரைக்கு மேல் வந்திருந்தது. அடியில் பழைய செம்மண் ரோடு ஒன்று கிடக்கிறது என்பதைத் தவிர அந்த இடத்துக்குப் பெருமை கிடையாது. கோடையில் அங்கே யாரும் தூண்டில் போடமாட்டார்கள். ராய்ஸின் ரீலில் நரம்பு சிக்கிக்கொண்டது. சிக்கை எடுக்கும்போது அவன் மரமீன் அது பாட்டுக்குத் தண்ணீரில் கிடந்தது. சிக்கு விட்டதும் இழுத்தான். கம்பு வளைந்தது.

"கட்டையில மாட்டிருச்சு" என்றான்.

கட்டை நகர்ந்தது.

வெளியே பாய்ந்து தலையை உதறிய பாஸைப் பார்த்ததும் கொரீன் வாயிலிருந்த தமாலேயைத் துப்பிவிட்டு வலையை எடுத்தாள். அகன்ற வாய், கருத்த பக்கவரி, தொப்பை பிதுங்கும் மீன். தொட்டியில் இறக்குவதற்குள் அவள் தன் கம்பை வீசிவிட்டாள். அவளுக்கும் அடித்தது. இன்னொன்று. மறுபடி ராய்ஸுக்கு. அளவு குறைந்தால் வம்பு என்று சின்னதைத் தூக்கி வெளியே விட்டார்கள். நாலு பெரிய மீன்கள் தொட்டியில் ஒன்றையொன்று இடித்தன. இன்னும் ஒன்று கிடைத்தால் அந்த வருஷக் கோப்பையில் கேள்வியே இல்லை.

"ஏன் இங்க?" என்றாள் கொரீன் மூச்சிரைக்க. "ராய்ஸ், ஏன் இங்க? மேடு இல்ல, பாசி இல்ல, நிழல் இல்ல..."

"தெரியாது."

"காலைல காத்து பொடிமீன இங்க ஒதுக்கிருக்குமோ?"

"இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம்."

"ஒனக்கு உண்மையிலயே தெரியாதா?"

"சத்தியமா தெரியாது, கொரீன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கச் சிரிக்க அடக்க முடியாமல் அவள் படகின் நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் தென்மேற்கில் மேகம் நின்றதைப் பார்த்தாள். காலையில் வாடை தெற்கே தள்ளியதையெல்லாம் சேர்த்துக்கொண்டு திரும்பி வருவதுபோல அது கருத்து, உச்சி வெளுத்து, எழும்பிக்கொண்டிருந்தது. தெற்கிலிருந்து சூடான காற்று ஒரு தடவை அடித்து நின்றது. இடி இன்னும் தூரத்தில்.

"ஒரே ஒரு மீன்" என்றாள். "ஒண்ணு புடிச்சிட்டு ஓடிருவோம்."

"சரி, ஒண்ணு."

அவள் வீசினாள். ஏதோ கீச்சென்று கேட்டது. மீன்கொத்தி என்று நினைத்தாள். மறுபடி கேட்டது, நீளமாக, இடைவெளி விட்டு. ராய்ஸ் தலையை நிமிர்த்தினான்.

"விசில்" என்றான்.

அந்த ஏரியில் எல்லாப் படகுக்காரர்களும் உயிர்காப்புச் சட்டையில் விசில் கட்டியிருப்பார்கள். யாரும் ஊதி அவள் கேட்டதில்லை. கம்பை அப்படியே போட்டாள். ராய்ஸ் மோட்டாரை முடுக்கினான்.

எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை. தண்ணீரின்மேல் சத்தம் வழுக்கிக்கொண்டு போகும். தீவுக்குப் பின்னால் என்று போனார்கள். அங்கே யாரும் இல்லை. மோட்டாரை நிறுத்திக் காதைக் கொடுத்தார்கள். இப்போது சத்தம் அவர்கள் வந்த பக்கத்திலிருந்தே கேட்டது. திரும்பினார்கள். காற்று எழுந்துவிட்டது, விசில் துண்டு துண்டாக வந்தது. ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம்.

"கட்டைக்காடு!" என்று கத்தினாள் கொரீன்.

ஏரி நிரம்பியபோது வெட்டாமல் விட்ட மரங்கள் நிற்கிற இடம் அது. பாதி மரங்கள் தண்ணீருக்கு வெளியே எலும்பு மாதிரி வெளுத்து நிற்கும். மீதிப் பாதி ஒரு சாண் தண்ணீருக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல். அவற்றுக்கு நடுவே ஒரு படகு விளிம்புவரை முங்கிக் கிடந்தது. முன்மூக்கில் மிஸ் ஜூவல் மண்டியிட்டு, ஒரு கையால் விசிலை ஊதிக்கொண்டு, இன்னொரு கையால் தண்ணீரில் கிடந்த மிஸ்டர் ஹாலிஸின் சட்டைக் கழுத்தைப் பிடித்திருந்தாள்.

மோட்டாரோடு உள்ளே போனால் இவர்கள் படகும் கிழியும். ராய்ஸ் அதை மேலே தூக்கிவிட்டுத் துடுப்பை எடுத்தான். கொரீன் படகின் முன்பக்கம் குப்புறப் படுத்து, தண்ணீருக்குள் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். அலையில் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. கருப்பாகத் தெரிவதெல்லாம் கட்டையா, நிழலா?

"இடது. இன்னும் இடது. நில்லு! வலது பக்கம் ஒண்ணு. இப்ப நேரா. மெல்ல, மெல்ல..."

"இருக்கா?"

"தெரியல. போ."

அவன் போனான். உரசியது, நகர்ந்தது. அவள் சொன்னதை அவன் ஒருமுறைகூடத் திருப்பிக் கேட்கவில்லை.

மிஸ்டர் ஹாலிஸின் வலது கை முழங்கைக்குக் கீழே தப்பான பக்கம் திரும்பியிருந்தது. நெற்றியில் வெட்டு. இருவருமாக அவரைத் தூக்கிப் படகுக்குள் போட்டு, மிஸ் ஜூவலையும் ஏற்றிக்கொண்டார்கள். அவர் விழித்து விழித்துப் பார்த்தார்.

"ஜூவல் எங்க?"

"இங்கதான இருக்கேன்! ஒங்க கழுத்தப் புடிச்சிட்டே இருந்தது யாரு, பக்கத்து வீட்டுக்காரியா?" என்றாள் மிஸ் ஜூவல். அவளுடைய பற்கள் தந்தியடித்தன.

"ஜூவல் எங்கன்னு கேட்டேன்."

மிஸ் ஜூவலின் முகம் அப்போதுதான் உடைந்தது. "ராய்ஸ், இவருக்கு நான் யாருன்னு தெரியல."

"அடி பட்ட மயக்கம் மிஸ் ஜூவல். அவருக்குத் தெரியும். அவரு கையப் புடிச்சுக்குங்க, விடாதீங்க" என்றான் ராய்ஸ். "பேசிக்கிட்டே இருங்க. எதையாவது பேசுங்க."

கட்டைக்காட்டைவிட்டு வெளியே வந்தபோது மழைச்சுவர் பாதி ஏரியை மூடிவிட்டது. துறைக்குப் போகமுடியாது. எதிர்க்கரையில் படகு கட்ட மரப்பாலம் போட்ட ஒரு வீடு தெரிந்தது. அதற்கும் இவர்களுக்கும் நடுவில் திறந்த ஏரி, அலைமேல் அலை. நாலு பேரின் பாரத்தில் படகின் பின்பக்கம் தாழ்ந்திருந்தது. ஒவ்வொரு அலையும் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது.

ராய்ஸ் மீன் தொட்டியைப் பார்த்தான். நிறையத் தண்ணீர், நாலு மீன்; பாரமெல்லாம் பின்பக்கம். கொரீனும் அதைத்தான் பார்த்தாள். இந்த மனிதன் ஒருமுறை காய்ச்சலோடு மழையில் நின்று, ஐந்தாவது மீனுக்காக மாலைவரை அசையாதவன்.

அவன் மூடியைத் திறந்து, வலையால் ஒவ்வொன்றாக அள்ளி வெளியே விட்டான். பிறகு நீரை வெளியேற்றும் குழாயைத் திறந்துவிட்டான். "முன்னால உக்காரு" என்றான் அவளிடம். "மூக்கு எந்திரிக்காம."

அந்தக் குறுக்கோட்டத்தில் அவளுக்கு நினைவில் நின்றது, மிஸ் ஜூவல் தன் கணவர் காதில் விடாமல் கத்திக்கொண்டு வந்த பேச்சு. கோழிக்குஞ்சு வாங்கியது, தேவாலயக் கூரை ஒழுகியது, கல்யாணத்தன்று அவர் தப்பான காலில் தப்பான பூட்ஸ் போட்டது. பாலத்தடியைத் தொடுகிற சமயத்தில் மிஸ்டர் ஹாலிஸ் கண்ணை மூடியபடியே, "பூட்ஸ் சரியாத்தான் போட்டேன். தரைதான் கோணல்" என்றார். மிஸ் ஜூவல் அவர் மார்பில் தலையைச் சாய்த்து அழுதாள்.

வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். ஆம்புலன்ஸ் வந்து இருவரையும் ஏற்றிப்போனது. இடி ஓயும்வரை கொரீனும் ராய்ஸும் அந்த வீட்டுப் படகுக் கொட்டகையில் நின்றார்கள். போட்டியில் எடை போடும் நேரம் எப்போதோ கடந்துவிட்டது. கூரைத் தகரத்தில் மழை கொட்டியது.

"ராய்ஸ்."

"ம்."

"நீ ஏன் விலகல? எல்வின்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"நீ விலகுவேன்னு நெனச்சேன். நீ விலகல. சரி, அவ வரப்போறான்னு நெனச்சேன்."

"நான் நீ விலகுவேன்னு நெனச்சேன். நீ விலகல. வரச்சொல்றான்னு நெனச்சேன்."

இருவரும் அதை யோசித்துப் பார்த்தார்கள்.

"அப்ப யாரு யாரக் கூப்புட்டது?" என்றான்.

"தெரியல."

"அன்னிக்கிக் கையெழுத்துப் போட்டப்ப..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். அவள் காத்திருந்தாள். பழைய வழக்கம்: நிறுத்தினால் அவ்வளவுதான், இனி வராது. ஆனால் வந்தது. "அன்னிக்கி என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. போகாதன்னு சொன்னா நீ இன்னும் கோவப்படுவியோ, போன்னு சொன்னா நான் போகச் சொன்னேன்னு ஆயிருமோ. அதான் மழையச் சொன்னேன்."

"மழையச் சொன்ன" என்றாள் அவள். கோபமா, இரக்கமா, இரண்டும் இல்லாத எதுவோவா, அவளுக்கே விளங்கவில்லை. "வீடு போற வரைக்கும் அழுதுக்கிட்டே ஓட்டுனேன், தெரியுமா?"

"தெரியாது. நான் ஒன் பின்னாலயேதான் வந்தேன். ஒன் வண்டி வளவுக்குள்ள போற வரைக்கும். ஆனா நீ அழுதது தெரியாது."

மழை விட்டதும் அவளைத் துறையில் கொண்டுவந்து விட்டான். அவள் தன் கம்புகளைத் தன் வண்டியில் ஏற்றினாள். அவன் தன் படகைத் தன் வண்டியில் ஏற்றினான். கட்டிக்கொள்வதா, கைகொடுப்பதா என்று இருவருக்கும் தெரியாததால் இரண்டும் நடக்கவில்லை.

மிஸ்டர் ஹாலிஸுக்குக் கையில் தகடு வைத்தார்கள். புத்தி ஒரு நாளில் தெளிந்துவிட்டது. மிஸ் ஜூவல் மருத்துவமனைப் படுக்கை அருகிலிருந்தே ஊர் முழுக்கப் போன் செய்து, செபுல்வாடோ ஜோடி மறுபடி சேர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டாள். கடையில், தேவாலயத்தில், பெட்ரோல் பங்கில் எல்லாரும் கொரீனைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். "அப்படியெல்லாம் இல்ல" என்று முதல் இரண்டு பேருக்குச் சொன்னாள். மூன்றாவது ஆளிடம் பாலுக்கான சில்லறையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ராய்ஸ் கடலுக்குத் திரும்பிப் போய்விட்டான். அவள் ஒருநாள் காலையில் சித்தப்பா மகனின் படகை எடுத்துக்கொண்டு அந்தப் பழைய செம்மண் ரோட்டுக்குமேல் போய் நின்றாள். தெற்குக் காற்று, ஜூலைக்கு உரிய ஜூலை. ஒரு மீன்கூட இல்லை. ரயில் கரையில் மறுபடி கூடியிருந்தன, எதுவுமே நடக்காததுபோல.

அந்த வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம், அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. இத்தனை வருஷத்தில் மேடையிலிருந்து அவன் ஒருமுறைகூட, பிறந்தநாளுக்குத் தவிர, கூப்பிட்டதில்லை.

"கொரீன், நான்தான். ஒண்ணும் ஆகல. சும்மாதான்."

"சும்மாவா?"

"ஆமா. ஒஸ்மான் இன்னிக்கி எறா சோறு பண்ணான். உப்பு கூடிப்போச்சு."

"ம்."

"ஹாலிஸ் எப்பிடி இருக்காரு?"

"வாய் நல்லா இருக்கு. கைதான் மெதுவா."

அவன் சிரித்தான். அப்புறம் அவனிடம் இருந்த பேச்சு தீர்ந்துவிட்டது போலிருந்தது. கம்பியின் அந்தப் பக்கம் எந்திரங்கள் இரைவதும், யாரோ யாரையோ கூப்பிடுவதும், அவன் மூச்சும் கேட்டது. கொரீன் காத்திருந்தாள். இது பழைய மௌனம்தானா, அடுத்த சொல்லைத் தேடுகிற மௌனமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கேட்கலாமா என்று நினைத்தாள். கேட்கவில்லை. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அடுத்த பட்டாணியை எடுத்து உரித்தாள். அவனும் வைக்கவில்லை.